கார்டு செத்துப்போச்சா? அறிகுறியைப் பார்த்து வழி தேடுவோம்

வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கு முகூர்த்த நாளுக்கு மறுநாள் காலையில் வரும் போன் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: “அண்ணே, கார்டு செத்துப்போச்சு.” கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால் பல நேரம் கேமராவின் அந்த மெமரி கார்டு சாகவே இல்லை. கார்டைக் கணினியோடு இணைக்கும் ரீடர் பழசாக இருக்கும். கார்டின் உலோகப் பட்டையில் உப்பு படிந்திருக்கும். கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே யாராவது பேட்டரியைக் கழற்றியிருப்பார்கள். படம் உண்மையிலேயே தொலைவது அதற்கு அப்புறம்தான், பதற்றத்தில் எதையாவது அமுக்கும்போது.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை கையைக் கட்டிக்கொள்வது. உள்ளே இருக்கும் படம் வேண்டும் என்றால் அந்தக் கார்டில் இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். கேமரா “ஃபார்மேட் செய்யவா” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி அணைத்துவிடுங்கள். கணினி “சரிபார்த்துச் சரிசெய்யவா” என்று கேட்டாலும் அதே பதில்தான். கார்டை வெளியே எடுத்து, இடது ஓரத்தில் இருக்கும் லாக் என்ற சின்ன பிளாஸ்டிக் துண்டைக் கீழே இறக்குங்கள், அப்போது கார்டில் எதுவும் எழுத முடியாது. மைக்ரோ எஸ்டியில் லாக் கிடையாது. அதன் அடாப்டரில் இருக்கும். இவ்வளவு செய்தபிறகு உட்கார்ந்து கீழே உள்ளதைப் படிக்கலாம்.

கேமரா கார்டையே கண்டுகொள்ளவில்லை

“கார்டு இல்லை” என்று திரையில் வருகிறது, உள்ளே கார்டு இருக்கிறது. குற்றவாளி கார்டா கேமராவா என்று பார்க்க வேறு ஒரு கார்டும் வேறு ஒரு ரீடரும் போதும். அதே கேமராவில் வேறு கார்டு வேலை செய்தால் சந்தேகம் கார்டின் மேல். எந்தக் கார்டைப் போட்டாலும் இதே கதை என்றால் கேமராவில் கார்டு நுழையும் இடமான ஸ்லாட்டின் மேல். மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் போட்டுப் பயன்படுத்துபவர்கள் முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். அந்த பிளாஸ்டிக் துண்டுக்குள் இருக்கும் மெல்லிய தகடுகள் சீக்கிரமே தளர்ந்துவிடும்.

கார்டின் மேல்தான் சந்தேகம் என்றால் பின்பக்கத்தைப் பாருங்கள். சாதாரண எஸ்டி கார்டில் 9 தங்க நிறப் பட்டைகள் இருக்கும். யுஎச்எஸ்-2 என்ற வேகமான வகைக் கார்டில் அதற்குக் கீழே இன்னொரு வரிசை, மொத்தம் 17. போன் டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது, எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும். சாய்வாக, பக்கவாட்டிலிருந்து அடித்துப் பாருங்கள். பட்டையின் மேல் மங்கலான வெள்ளைப் படலம், ஓரத்தில் பச்சை நிறப் புள்ளி, அல்லது விரல் ரேகை அப்படியே தெரியும்.

வடசென்னையில் இது சாதாரணம். காசிமேட்டில் விடிகாலை ஏலத்தைப் படம் எடுக்கப் போகிறவர்களைப் பாருங்கள். காலடியில் ஐஸ் உருகிய தண்ணீர், தோளில் வந்து இடிக்கும் மீன் கூடை, கடல் காற்று வேறு. கார்டு நிறைந்ததும் அதே ஈரக் கையால் கதவைத் திறந்து மாற்றுகிறார்கள். மீன் தண்ணீரில் உப்பு இருக்கிறது. கார்டின் பட்டையில் ஒட்டிய அந்த ஈரம் காய்ந்துவிடும், உப்பு காயாது. காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் அது மறுபடி ஈரமாகி உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும். எண்ணூர்ப் பக்கம் போனால் உப்போடு அனல்மின் நிலையச் சாம்பல் தூசும் சேரும். அது ஸ்லாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடையில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள். சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் போன்ற பசைப் பொருள்கள் இருக்கும். லென்ஸ் துடைக்கும் மெல்லிய துணியில் ஒரு சொட்டு விட்டு, பட்டையின் நீளவாக்கில் இரண்டு மூன்று முறை இழுத்தால் போதும். ஐந்து நிமிடம் காய விடுங்கள். பென்சில் ரப்பரால் தேய்க்கும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது, எனக்கு உடன்பாடில்லை. தங்க முலாம் மிக மெல்லியது. ரப்பர் அதையும் சேர்த்துச் சுரண்டும், தூளையும் விட்டுவிட்டுப் போகும்.

ஸ்லாட்டுக்குள் ஊசி, குச்சி எதுவும் விடாதீர்கள். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் போகும். ரப்பர் புளோயரால் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ஊதுங்கள். பழைய காம்பாக்ட்ஃப்ளாஷ் கார்டு போடும் கேமரா என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அதில் ஊசி போன்ற 50 பின்கள் கேமராவுக்குள் நிற்கும். கார்டு உள்ளே போக அடம்பிடித்தால் தள்ளாதீர்கள். ஒரு பின் வளைந்திருக்கலாம், அமுக்கினால் பக்கத்து பின்னையும் சேர்த்து வளைக்கும். அதைச் சர்வீஸில் கொடுப்பதுதான் வழி.

இன்னொரு காரணம், ஏசி மண்டபம். உள்ளே குளிர்ந்த கேமராவை எடுத்துக்கொண்டு மே மாத இரவில் மாப்பிள்ளை அழைப்புக்கு வாசலுக்கு ஓடினால் லென்ஸில் ஆவி படியும். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே உலோகத்திலும் படியும். பையை மூடியபடியே வெளியே கொண்டுவந்து கால் மணி நேரம் விட்டு அப்புறம் திறங்கள். அந்த நேரத்தில் கார்டு ஸ்லாட்டைத் திறக்க வேண்டாம்.

சுத்தம் செய்தும் தெரியவில்லை, ஆனால் புதுக் கேமராவில் தெரிகிறது என்றால் வயது வித்தியாசமாக இருக்கலாம். 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி வகை 2009இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கேமராவுக்கு 64 ஜிபி கார்டு புரியாது. அதற்கு 32 ஜிபியைத் தாண்டாத, அந்தக் கேமரா ஏற்கும் கார்டை வாங்கிப் போடுங்கள்.

“கார்டு லாக் ஆகியிருக்கிறது”

லாக்கை மேலே தள்ளுங்கள். தள்ளியும் அதே செய்தி வந்தால் அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டு தளர்ந்து, ஸ்லாட்டில் நுழையும்போது தானாகக் கீழே இறங்குகிறது. சில கார்டுகளில் உடைந்தே விழுந்திருக்கும்.

இந்த லாக்குக்கும் கார்டின் உள்ளே இருக்கும் சிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. துண்டு எங்கே நிற்கிறது என்று ரீடர்தான் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. அந்தப் பள்ளத்தின் மேல் மெல்லிய செல்லோடேப்பைச் சுற்றி ஒட்டினால் ரீடர் ‘திறந்திருக்கிறது’ என்று நம்பிவிடும். படத்தைக் காப்பி எடுக்கும்வரை இது போதும். ஆனால் டேப் ஒட்டிய கார்டை அடுத்த நிகழ்ச்சிக்குக் கொண்டுபோகாதீர்கள். வெயிலில் பசை இளகி ஸ்லாட்டுக்குள் ஒட்டிக்கொண்டால் கார்டு விலையைவிட ஸ்லாட் மாற்றும் செலவு பல மடங்கு.

லாக் நன்றாக இருக்கிறது, எந்த ரீடரில் போட்டாலும் படிக்க முடிகிறது, எழுதத்தான் முடியவில்லை என்றால் விஷயம் வேறு. கார்டுக்குள் இருந்து அதை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் சிப், தன் மெமரி தேய்ந்துவிட்டது என்று முடிவு செய்து, எழுதுவதை நிறுத்திக்கொண்டிருக்கலாம். அது ஒரு விதத்தில் நல்ல சாவு. படம் எல்லாம் இருக்கும். உடனே காப்பி எடுத்துவிட்டு அந்தக் கார்டை ஒதுக்கிவிடுங்கள்.

“ஃபார்மேட் செய்யவா?” என்று கேட்கிறது

அதிகம் பயமுறுத்துவது இதுதான், அதிகம் மீட்கக் கூடியதும் இதுதான். படங்கள் கார்டில் இருக்கின்றன. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று எழுதிவைத்த அட்டவணைதான் கெட்டிருக்கிறது. காரணம் பெரும்பாலும் எழுதும் விளக்கு எரியும்போதே கார்டை உருவியது, தாலி கட்டும் நேரத்தில் பேட்டரி போனது, அல்லது கணினியிலிருந்து ‘எஜெக்ட்’ கொடுக்காமல் பிடுங்கியது.

பயப்படுவதற்கு முன் ரீடரை மாற்றுங்கள். பழைய ரீடர்களுக்கு எஸ்டிஎக்ஸ்சி கார்டு புரியாது. பழைய கணினிகளுக்கு அந்தக் கார்டில் இருக்கும் எக்ஸ்ஃபேட் அமைப்பு புரியாது. புரியாததை எல்லாம் அவை “ஃபார்மேட் செய்யவா” என்றுதான் கேட்கும். கேமராவில் படம் தெரிகிறது, கணினி மட்டும் கேட்கிறது என்றால் தொந்தரவே இல்லை. கேமராவிலிருந்து கேபிள் போட்டு இறக்கிக்கொள்ளுங்கள்.

சோனி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. படத் தரவுத்தளக் கோப்பில் பிழை, மீட்கவா என்று கேமரா கேட்கும். அது பார்மேட் கேள்வி அல்ல. கணினியில் கார்டைத் திறந்து எதையாவது அழித்திருந்தாலே இது வரும். படம் காப்பி எடுத்திருந்தால் தைரியமாகச் சரி கொடுக்கலாம். ஆனால் பேட்டரி முழுதாக இருக்க வேண்டும். நடுவில் அணைந்தால் நிலைமை மோசமாகும்.

எல்லா இடத்திலும் அதே கேள்வி வந்தால் இப்படிப் போங்கள்.

முதலில் கார்டு முழுவதையும் ஒரே கோப்பாகக் கணினிக்குள் பிரதி எடுங்கள். விண்டோஸில் வின்32 டிஸ்க் இமேஜர் என்ற இலவச மென்பொருளில் ‘ரீட்’ கொடுத்தால் போதும். தவறி ‘ரைட்’ கொடுத்துவிடக் கூடாது, அதற்குத்தான் லாக்கை இறக்கச் சொன்னது. லினக்ஸ் தெரிந்தவர்கள் டிடிரெஸ்க்யூ பயன்படுத்தலாம். படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய் மற்றதை எடுத்துவிட்டு, விட்டதற்கு மறுபடி வருவதில் அது கெட்டி. சாகக் கிடக்கும் கார்டை ஒருமுறைதான் முழுதாகப் படிக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்பு மென்பொருளைக் கார்டின் மேலேயே நாலு தரம் ஓட்டுபவர்கள் மூன்றாவது தரத்தில் கார்டு மொத்தமாகக் காணாமல்போனதைச் சொல்வார்கள்.

அடுத்து அந்தப் பிரதியின் மேல் போட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டுங்கள். இலவசம்தான். பார்க்கக் கறுப்புத் திரையில் பழைய காலத்து மென்பொருள்போல இருக்கும், அதைக் கண்டு ஓடாதீர்கள். அட்டவணையை அது நம்பாது. ஒவ்வொரு வகைக் கோப்பும் தொடங்கும் அடையாளத்தைத் தேடி, அங்கிருந்து பிரித்தெடுக்கும். கோப்பு வகை கேட்கும் இடத்தில் பலர் சறுக்குவார்கள். நிக்கான், சோனி கேமராக்களின் ரா கோப்புகளுக்கு (ஜேபெக்காகச் சுருக்காத மூலப் படம்) அதில் தனிப் பெயர் தேடினால் கிடைக்காது, அவை டிஃப் என்ற வகைக்குள் வரும். ஜேபெக்கையும் டிஃப்பையும் தேர்ந்தெடுங்கள். மீட்ட கோப்புகளை வேறு டிரைவில் சேமியுங்கள்.

படங்கள் பழைய பெயரில் வராது, எண்களாக வரும். எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே இருப்பதால் அதை வைத்து வரிசைப்படுத்திவிடலாம். முன்பு அழித்த பழைய நிகழ்ச்சிப் படங்களும் கூடவே வரும். போன மாதத்துச் சீமந்தம் இந்த மாதக் கல்யாண ஆல்பத்தில் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடியோ இவ்வளவு சுலபம் இல்லை. எம்பி4 கோப்பில் எந்தக் காட்சி எங்கே என்ற குறிப்பைப் பெரும்பாலான கேமராக்கள் பதிவு முடியும்போதுதான் எழுதும். நடுவில் பேட்டரி போனால் காட்சி இருக்கும், குறிப்பு இருக்காது, எந்த பிளேயரும் திறக்காது. அதற்கு அன்ட்ரங்க் போன்ற மென்பொருள்கள் உண்டு. அதே கேமராவில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் கெட்டதை அதைப் பார்த்துக் கட்டிவிடும். கோப்பு துண்டு துண்டாகக் கிடந்தால் அதுவும் கை விரித்துவிடும்.

விண்டோஸோடு வரும் செக்டிஸ்க் என்ற சரிபார்ப்புக் கருவியை ஓட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது தம்பி சொல்வான். சில நேரம் ஆகும். சில நேரம் அட்டவணையைத் தன் இஷ்டத்துக்குத் திருத்தி, படங்களைப் பெயரில்லாத துண்டுகளாக்கிப் போட்டுவிடும். பிரதி கையில் இருந்தால் என்ன வேண்டுமானாலும் ஓட்டிப் பாருங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

தெரியாமல் அழித்துவிட்டேன், ஃபார்மேட்டே கொடுத்துவிட்டேன்

மேலே சொன்ன அதே வழிதான். அழிப்பதும் சாதாரண ஃபார்மேட்டும் பெரும்பாலான கேமராக்களில் அட்டவணையை மட்டுமே துடைக்கும். அதன்பிறகு ஒன்றும் எடுக்காமல் இருந்தால் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. ‘லோ லெவல் ஃபார்மேட்’ என்ற கட்டத்தை டிக் செய்து கொடுத்திருந்தால் நம்பிக்கை வைக்காதீர்கள்.

வீடியோ பாதியில் தானாக நிற்கிறது

இது கார்டு நோய் அல்ல, பொருத்தம் பார்க்காமல் செய்த கல்யாணம். கேமரா அனுப்பும் வேகத்துக்குக் கார்டால் எழுத முடியவில்லை.

கார்டின் முகத்தில் பெரிதாக அச்சடித்திருக்கும் 170, 200 என்ற எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். அது படிக்கும் வேகம், அதுவும் அந்த நிறுவனத்தின் தனி ரீடரில் கிடைப்பது. யுஎச்எஸ்-1 வகையின் உச்சமே நொடிக்கு 104 எம்பிதான். உங்களுக்கு வேண்டியது ஓரத்தில் சின்னதாக இருக்கும் வி எழுத்து. வி30 என்றால் தொடர்ந்து எழுதும்போது நொடிக்கு 30 எம்பிக்குக் கீழே இறங்காது என்று பொருள். வி60, வி90 அப்படியே.

கேமரா மெனுவில் இருக்கும் எண் வேறு கணக்கு. 100 எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். 8ஆல் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட், வி30 தாராளம். 400 எம்பிபிஎஸ் என்றால் 50 மெகாபைட், வி60 வேண்டும். இந்த ஒரு வகுத்தலைத் தெரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்லும் விலைக்கு வி90 வாங்க வேண்டியதில்லை.

சரியான கார்டுதான், முன்பு ஓடியது, இப்போது நிற்கிறது என்றால் காப்பி எடுத்துவிட்டு கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். ஒவ்வொன்றாக அழித்து அழித்து எடுத்த கார்டில் காலி இடம் சிதறிக் கிடக்கும், எழுதும் வேகம் குறையும். இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே நேரத்தில் பதிகிறீர்கள் என்றால் இரண்டில் மெதுவான கார்டுதான் வேகத்தைத் தீர்மானிக்கும்.

4கே நீளமாக எடுத்தபின் கார்டு சூடாக வெளியே வருவது சகஜம். எஸ்டி கார்டுகள் 85 டிகிரி செல்சியஸ்வரை தாங்கும் என்பது பொதுவான வரையறை. சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்ற வேகமான வகைக் கார்டு இன்னும் சுடும். கொஞ்சம் ஆறவிட்டு எடுங்கள், அவ்வளவுதான்.

பாதிப் படம் சாம்பல் நிறம், கோடு கோடாக வருகிறது

கேமராத் திரையில் நன்றாகத் தெரிகிறதே என்பார்கள். ரா படத்தைக் கேமரா திரையில் காட்டும்போது அதற்குள் பொதிந்திருக்கும் சின்ன ஜேபெக்கைத்தான் காட்டும். அது நன்றாக இருந்து, மூலப் படம் கெட்டிருக்கலாம். ஆகவே அந்தத் திரையைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

கெட்ட படத்தை வேறு ரீடரில், வேறு கேபிளில் மறுபடி காப்பி எடுங்கள். இம்முறை நன்றாக வந்தால் கார்டு தப்பித்தது, ரீடரைத் தூக்கிப் போடுங்கள். அதே இடத்தில் அதே சாம்பல் என்றால் கார்டில் கெட்டிருக்கிறது. அதே ரா படத்திலிருந்து உள்ளிருக்கும் ஜேபெக்கையாவது பிரித்தெடுக்க முடியும். ஆல்பத்தில் சின்ன அளவில் வைக்க அது பல கேமராக்களில் போதுமானது.

முதல் சில நூறு படங்கள் சுத்தமாக இருந்து, அதற்கப்புறம் எல்லாமே குப்பை என்றால் நீங்கள் வாங்கியது போலி. 8 ஜிபி சிப்பை உள்ளே வைத்து, நான் 128 ஜிபி என்று பொய் சொல்லும்படி கன்ட்ரோலரை மாற்றியிருப்பார்கள். 8 ஜிபிவரை ஒழுங்காக எழுதும். அதற்குமேல் எழுதியதாகத் தலையாட்டிவிட்டு, வந்ததைத் தொலைத்துவிடும் அல்லது பழையதின் மேலேயே எழுதும். அப்படித் தொலைந்த படங்களை எந்த நிபுணராலும் மீட்க முடியாது. அவை கார்டில் இல்லவே இல்லை.

பர்மா பஜாரோ, ரிச்சி தெருவோ, ஆன்லைனோ, எங்கே வாங்கினாலும் முதல் நாளே சோதியுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3. இரண்டும் இலவசம். கார்டை முழுவதும் நிரப்பி, எழுதியது அப்படியே திரும்பி வருகிறதா என்று ஒப்பிடும். 64 ஜிபி கார்டில் நொடிக்கு 30 எம்பி வேகத்தில் எழுதவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், படிக்க இன்னும் கொஞ்சம். ஆடி மாதம் கல்யாணம் இல்லாமல் கேமரா சும்மா கிடக்கும்போது பழைய கார்டுகளையும் இதே சோதனையில் ஒருமுறை போட்டு எடுத்துவிடலாம்.

காலியாக இருக்கிறது, ஆனால் இடம் இல்லை என்கிறது

மேக் கணினியில் அழித்திருப்பீர்கள். அழித்த படங்கள் கார்டிலேயே ஒரு மறைவான குப்பைத்தொட்டிக்குள் போய் உட்கார்ந்திருக்கும். குப்பைத்தொட்டியைக் காலி செய்யுங்கள், அல்லது கேமராவில் ஃபார்மேட்.

தண்ணீரில் விழுந்தது, ஓடு பிளந்தது

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது வடசென்னையில் வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் மழைத் தண்ணீர் மட்டும் அல்ல. சாக்கடை கலந்தது. எண்ணூர் பக்கம் எண்ணெயும் கலந்தது. அப்படி நனைந்த கார்டைத் துடைத்துவிட்டு உடனே ரீடரில் போடுவதுதான் அதைக் கொல்வது. தண்ணீர் கொல்வதில்லை. ஈரத்தோடு மின்சாரம் பாயும்போதுதான் சிப் போகிறது.

கடல் தண்ணீரோ சாக்கடையோ, முதலில் அதைக் கழுவ வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் போதும். ஒரு கிண்ணத்தில் ஊற்றி கார்டை அலசி, தண்ணீரை மாற்றி மறுபடி அலசுங்கள். எண்ணெய் பிசுபிசுப்பு இருந்தால் ஐபிஏவில் துடையுங்கள். அப்புறம் நிழலில், மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள். அரிசிப் பானை வேண்டாம், மாவுத் தூசு ஸ்லாட்டுக்குப் போகும். ஹேர் டிரையரும் வேண்டாம்.

எஸ்டி கார்டின் பிளாஸ்டிக் ஓடு பிளந்திருந்தால், அல்லது பட்டைகளுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் வரப்பு உடைந்திருந்தால், கேமராவில் போடாதீர்கள். உடைந்த துண்டு உள்ளே தங்கினால் செலவு கேமராவுக்கு. மலிவான யுஎஸ்பி ரீடரில் ஒருமுறை போட்டுக் காப்பி எடுத்துக்கொண்டு விடைகொடுங்கள். மைக்ரோ எஸ்டி அப்படியே ஒரே வார்ப்பு. அதில் விரிசல் விட்டால் பெரும்பாலும் முடிந்தது. முடியவில்லை என்று தோன்றினால் மீட்பு ஆய்வகத்துக்குக் கொடுக்கலாம். மீட்காவிட்டால் பணம் வாங்குவார்களா, திறந்து பார்ப்பதற்கே தனிக் கட்டணமா என்பதை முதலில் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

டேஷ்கேம், சிசிடிவி கார்டு வருடா வருடம் போகிறது

கார்டின் ஆயுள் என்ன என்று கேட்பவர்களுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஃப்ளாஷ் மெமரியில் ஒவ்வொரு அறையிலும் எலெக்ட்ரான்களை அடைத்துவைத்துத்தான் தகவல் நிற்கிறது. ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் அந்த அறையின் சுவர் கொஞ்சம் தேயும். இப்போது கடைகளில் கிடைக்கும் கார்டுகளில் பெரும்பாலும் இருக்கும் டிஎல்சி வகை, சில நூறிலிருந்து சில ஆயிரம் தடவைவரை தாங்கும்.

கல்யாண போட்டோகிராபர் ஒருவர் வருடத்தில் 80 நிகழ்ச்சி எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே 64 ஜிபி கார்டை முழுதாக நிரப்பினாலும் வருடத்துக்கு 80 தடவைதான். 500 தடவை தாங்கும் என்று குறைவாக வைத்துக்கொண்டாலும் ஆறு வருடம். ஃபார்மேட் செய்தால் கார்டு தேயும் என்று பயப்படுபவர்களும் இந்தக் கணக்கைப் பார்க்கலாம். ஃபார்மேட் எழுதுவது அட்டவணை அளவுக்குத்தான்.

கால் டாக்ஸி ஓட்டுபவரின் டேஷ்கேமை, அதாவது கண்ணாடியருகே மாட்டிச் சாலையைப் பதியும் கேமராவைப் பாருங்கள். 15 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 6.75 ஜிபி. தினம் பத்து மணி நேரம் ஓட்டினால் 64 ஜிபி கார்டு ஒரே நாளில் நிறைந்து சுற்றி வந்துவிடும். வருடத்துக்கு 365 தடவை. கண்ணாடிக்குப் பின்னால் அக்னி நட்சத்திர வெயில் வேறு. சூட்டில் அடைத்த எலெக்ட்ரான்கள் வேகமாகக் கசியும், தேய்ந்த அறையில் இன்னும் வேகமாக. கல்யாணத்துக்கு ஆறு வருடம் வரும் கார்டு இங்கே ஒன்றரை வருடத்தில் படுத்துவிடுவதில் ஆச்சரியம் இல்லை. பல நிறுவனங்களின் வாரன்ட்டி விதிகளில் தொடர்ந்து பதியும் கருவிகள் சேராது, படித்துப் பாருங்கள். ‘ஹை என்டூரன்ஸ்’ என்று அச்சடித்த கார்டுகளை இதற்கென்றே விற்கிறார்கள். பெரிய கொள்ளளவு வாங்கினாலும் ஆயுள் கூடும். 128 ஜிபி என்றால் இரண்டு நாளுக்கு ஒரு சுற்று.

ஆக, கேமரா கார்டு எழுதித் தேய்ந்து சாவது அரிது. உப்பும் ஈரமும், உருவியெடுக்கும் அவசரமும், போலிச் சரக்கும்தான் அதற்கு எமன். மெட்ரோ நிலையத்தில் பையை ஸ்கேனரில் போடுவதால் ஒன்றும் ஆகாது. காந்தத்தாலும் ஆகாது. இரண்டுக்கும் பயந்து கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதுதான் தவறு. வியர்வை உப்புத்தானே. ரப்பர் வளையம் வைத்த கார்டு டப்பா வாங்கி உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள்.

கார்டைப் பீரோவில் போட்டுவிட்டு ஆல்பம்போல ஐந்து வருடம் கழித்து எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். மின்சாரம் இல்லாமல் கிடக்கும் கார்டில் கசிவு நின்றுவிடாது. காப்பி இரண்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கட்டும், ஒன்று வேறு வீட்டில். மழைக்காலத்தில் முதல் மாடிக்காவது போகட்டும்.

வாங்கிய மாதத்தையும் வருடத்தையும் கார்டின் மேல் மார்க்கரில் எழுதிவையுங்கள். ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம், உரிந்து ஸ்லாட்டில் சிக்கும். காரணம் புரியாத பிழை ஒன்று வந்த கார்டு, சோதனையில் தேறினாலும், காசு வாங்கும் வேலைக்கு இனி வேண்டாம். பிள்ளைகள் விளையாட்டாகப் படம் எடுக்கக் கொடுங்கள். முழுதாகத் தூக்கிப் போடுவதானால், அதில் யாரோ ஒரு குடும்பத்தின் படங்கள் இருப்பதை நினைத்து, சிப்போடு சேர்த்துக் கத்திரியால் நாலாக வெட்டி மின்கழிவோடு கொடுங்கள்.